காயாத நீலம்

கரையில் இறக்கியபோது அம்மு முதலில் பார்த்தது கால்களைத்தான். சுற்றிலும் கால்கள். சில ஷூ போட்டிருந்தன. சிலவற்றில் ஈர மணல் ஒட்டியிருந்தது. ஒரு காலின் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அந்தக் காலை அவளுக்குத் தெரியும். அவள் கணவன் ரகுபதியுடையது.

அந்தக் கால் நகர்ந்தது. அறை விழும் சத்தம் கேட்டது.

“யாரக் கேட்டுடா தூக்குன?”

அறை வாங்கியவன் ரகுபதியின் தம்பி திலீப். அவன் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“அண்ணி மல்லாந்து கெடந்துச்சு. ரெண்டு தபா கொரலு குடுத்தேன். அசையல. தூக்கிட்டேன்.”

“அது ரெஸ்ட் எடுத்துகினு கீதுடா. ரெண்டு வருசமா அதத்தான் பழகிகினு கீது. உனுக்குத் தெரியாதா?”

“தெரியும். கை பாட்டுக்குத் தூக்கிடுச்சு.”

அவர்கள் ஊரான முகத்துவாரக்குப்பத்துப் படகுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலில் யாராவது மல்லாந்து அசையாமல் கிடந்தால் இரண்டு முறை குரல் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் தூக்கிவிடுவார்கள். யார், எவர், ஏன் என்பதெல்லாம் கரைக்கு வந்த பிறகு. அப்படித் தூக்கியதற்காக இதுவரை யாரும் யாரையும் அடித்ததில்லை.

ஆனால் அன்று காலை திருவொற்றியூர்க் கடலில் நடந்தது நீச்சல் போட்டி. திலீப்பின் படகு பாதுகாப்புக்காகக் கூடவே போன படகுகளில் ஒன்று. போட்டியின் விதி எளிமையானது. படகைத் தொட்டவர் அந்த நொடியே வெளியே.

அம்மு எழுந்து உட்கார்ந்தாள். வாயிலிருந்து உப்புத் தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொண்டு, யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள்.

“நான் முடிச்சிட்டனா?”

யாரோ அவள் தோளில் ஒரு துண்டைப் போட்டார்கள்.

அம்முவுக்கு வயது முப்பத்து நான்கு. கடலோரத்தில் பிறந்து, கடலோரத்துக்கே வாழ்க்கைப்பட்டவள். ஆனால் நீந்தத் தெரியாமலே வளர்ந்தவள். ஆண்கள் கடலுக்குள் போவார்கள், பெண்கள் கரைக்கு வந்ததைக் கூடையில் எடுத்துப்போய் விற்பார்கள். அவளும் மாமியார் செல்லம்மாவோடு அதைத்தான் செய்துவந்தாள். ஒரு டிசம்பர் வெள்ளத்தில், கழுத்தளவு தண்ணீரில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் நின்ற பிறகுதான் எல்லாம் மாறியது.

அந்த வெள்ளம் வடிந்த வாரத்தில் திலீப் தன் போனை அவள் முன்னால் நீட்டினான். ஜப்பான் தொடர் ஒன்று, சித்திரப் படமாக ஓடியது. நாற்பது வயதில் நீச்சல் பழகும் ஒரு பன் கடைக்காரன். அவனை அதட்டி அதட்டிச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பயிற்சியாளர். “கார்ட்டூன் இல்ல அண்ணி, அனிமே” என்று அவன் ஒவ்வொரு முறையும் திருத்துவான். இருவரும் வலை பிரிக்கும்போது பார்த்தார்கள். கருவாடு காயவைக்கும்போது பார்த்தார்கள். கடைசிப் பகுதி முடிந்த அன்று அம்மு கேட்டாள்: “நெசத்துலயும் இப்படி யாராச்சும் கத்துக்குடுப்பாங்களா?”

ராயபுரத்துக்காரி இஷ்ரத்தைத் தேடிக் கண்டுபிடித்தவனும் திலீப்தான். அம்முவைவிட ஒன்பது வயது சின்னவள் இஷ்ரத். குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அவள்தான் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை மாற்றி மாற்றி நீந்தப்போகும் பெண்கள் குழுவைப் பற்றிச் சொன்னாள். அதில் ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அந்த இடத்துக்கான தேர்வுதான் இன்று.

இஷ்ரத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மண்டியிட்டு அம்முவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். பிறகு அவள் கையைத் திருப்பினாள். விரல்களைப் பார்த்தாள். மற்றொரு கையையும் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கைகளின் விரல்களையும் மெதுவாக மடக்கிவிட்டு, துண்டால் சுற்றினாள்.

“இப்ப எதுவும் பேசாதீங்க அக்கா. யாரு கேட்டாலும் ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க.”

“நெசமாவே ஞாபகம் இல்ல கோச்சு.”

“அப்ப ரொம்ப நல்லது” என்றாள் இஷ்ரத்.

அதில் என்ன நல்லது என்று அம்முவுக்குப் புரியவில்லை.

*

ரகுபதியின் பைக் எர்ணாவூரில் நெரிசலில் மாட்டியது. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ரகுபதி அவற்றின் இடுக்கில் நுழைந்து நுழைந்து ஓட்டினான். அம்மு நினைவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தாள்.

மூன்றாவது மிதவையைச் சுற்றியது நினைவிருந்தது. ஆரஞ்சு நிறம். தோள் எரிந்தது. மல்லாந்து படுத்தது நினைவிருந்தது. உப்புத் தண்ணீர் குளத்துத் தண்ணீரைவிட அடர்த்தி, அது உங்களைத் தாங்கும், நீங்கள் சும்மா இருந்தால் போதும் என்று இஷ்ரத் சொல்வாள். பத்து மூச்சு எண்ணச் சொல்வாள். அம்மு எண்ணத் தொடங்கினாள். காதுக்குள் தண்ணீர். வானத்தில் ஒரு பருந்து. நான்காவது மூச்சு.

அடுத்து படகின் தரை. பெட்ரோல் வாடை. திலீப்பின் தாடை.

இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. அந்தத் தொடரில் பன் கடைக்காரன் மூழ்கப்போகும் ஒவ்வொரு முறையும் அவனுடைய பயிற்சியாளரின் குரல் அவனுக்குள் கேட்கும். அம்முவுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. திலீப்பின் குரல்கூட.

“பசிக்குதா?” என்றான் ரகுபதி.

“தெரியல.”

*

வீட்டு வாசலிலேயே செல்லம்மா உப்பும் மிளகாயுமாக நின்றாள். மருமகளைக் கிழக்கு பார்க்க நிற்கவைத்து மூன்று முறை சுற்றினாள். அடுப்பில் போட்டதும் மிளகாய் வெடித்தது. நெடி வரவில்லை.

“பாரு, கமறவே இல்ல. எவ்ளோ கண்ணு பட்டுகீது பாரு.”

தெருவே வந்திருந்தது. செய்தி அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. அம்மு கடலில் மூழ்கினாள், கொழுந்தன் காப்பாற்றினான். அவ்வளவுதான் செய்தி. போட்டி என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

“எம் புள்ள மட்டும் இல்லன்னா இந்நேரம் வாசல்ல பந்தலு போட்டிருப்போம்” என்று செல்லம்மா எல்லாரிடமும் சொன்னாள்.

எதிர்வீட்டுச் சிவந்தி அம்முவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “ஏன்டி, ராமேஸ்வரம் போவணும்னா எக்மோர்ல ரயிலு கீதே. அதுல போனா இன்னா?”

எல்லாரும் சிரித்தார்கள். அம்முவும் சிரித்தாள். பிறகு ஏன் சிரித்தோம் என்று யோசித்தாள்.

அவள் குழம்பிப்போயிருந்தாள். ஒரே காரியம். திருவொற்றியூர்க் கரையில் அதற்கு அறை கிடைத்தது. இங்கே அதற்குப் புகழ் கிடைக்கிறது. இரண்டுமே தனக்காகத்தான். ஆனால் இரண்டில் எது தன்னுடையது என்று தெரியவில்லை.

செல்லம்மா கஞ்சித் தட்டை நீட்டினாள். அம்மு கை நீட்டியதும் நிறுத்தினாள்.

“இன்னாடி கையி, ஊதா ஊதாவா?”

விரல்களின் உட்புறம் முழுக்க நீலம். நகக்கண்ணிலும் நீலம்.

“போட்டு பெயின்ட்டு அத்தே. இன்னும் காயல.”

போட்டியில் படகுகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நடத்துபவர்கள் சொன்னதால் திலீப் முந்தின நாள் சாயங்காலம்தான் விளிம்பு முழுக்க நீல பெயின்ட் அடித்திருந்தான். போட்டுக்குக் கண்ணாலமா என்று தெருவே கிண்டல் செய்தது. கடற்காற்றில் அது ராத்திரி முழுக்கப் பிசுபிசுத்துக்கொண்டே இருந்தது.

செல்லம்மா மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மருமகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். “அவனுக்கும் சட்ட பூரா இதான். தொவைக்கப்போறது யாரு, நானு.”

“திலீப் எங்க அத்தே?”

“வரல. சோறு துன்ன கூப்ட்டேன். போன எடுக்கல. உசுர காப்பாத்துனவன் இன்னாத்துக்கு மூஞ்ச மறச்சிகினு கீறான்?”

*

மத்தியானம் கூட்டம் கலைந்தது. ரகுபதி கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தான். அவன் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை நகர்த்தும் வண்டி ஓட்டுபவன். கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. மனைவி நீந்தப்போவதை அவன் தடுத்ததும் இல்லை, போ என்றதும் இல்லை. இன்றுதான் முதல்முறையாகக் கரையில் நின்று பார்த்தான்.

“ஒண்ணு கேக்கட்டா?” என்றான்.

“கேளு.”

“நீ கை தூக்குனியா, காப்பாத்துங்கன்னு?”

“தெரியல.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னா தெரியல. நாலு மூச்சு எண்ணுனேன். அப்பால போட்டுல கெடந்தேன்.”

ரகுபதி தலையைச் சொறிந்தான். “நான் அங்கேர்ந்து பாத்தேன். உன் தலதான்னு நெனச்சிகினு எவ்ளோ நேரமா ஒண்ண பாத்துகினு இருந்தேன். அப்பால அது மிதவைன்னு தெரிஞ்சிது. நீ எங்கன்னு தேடுறதுக்குள்ள போட்டு திரும்பிடுச்சு.” தன் உள்ளங்கையைப் பார்த்தான். “அவன அடிச்சிட்டேன். நீ உசுரோட வந்ததுக்கு அவன கும்பிட்டிருக்கணும். அடிச்சிட்டேன். எனுக்கே இன்னான்னு புரியல.”

“எனுக்காக அடிச்சியா?”

“ஆமான்னுதான் நெனைக்கிறேன்.”

போன் அடித்தது. இஷ்ரத்.

“அக்கா, நல்லா கேளுங்க. போட்டி நடத்துறவங்ககிட்ட பேசிட்டேன். படகுக்காரர் பண்ண தப்புன்னா நீச்சல்காரருக்கு இன்னொரு வாய்ப்பு தரணும்னு சண்ட போட்டேன். ஒத்துக்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம, அதே தூரம், நீங்க மட்டும்.”

அம்மு எழுந்து நின்றாள். “நெசமாவா?”

“திலீப்பு அவங்ககிட்ட சொல்லிட்டாரு, நான்தான் கேக்காம தூக்கினேன்னு. படகுல கூட வந்த அவங்க ஆளு கடல் ஒத்துக்காம குனிஞ்சி வாந்தி எடுத்துட்டிருந்தானாம், எதுவும் பாக்கல. அதனால நீங்களும் சொல்லணும். நான் கை தூக்கல, படகைத் தொடலன்னு. ஒரே வார்த்த. விளக்கு வைக்கிறதுக்குள்ள நான் திரும்பக் கூப்புடுறேன், அவங்களோட சேத்து.”

“கோச்சு, எனுக்கு ஞாபகம்...”

“யோசிக்காதீங்க அக்கா” என்றாள் இஷ்ரத். வைத்துவிட்டாள்.

யோசிக்காமல் இருக்க இஷ்ரத் இதுவரை சொன்னதில்லை. கையை எங்கே வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள், நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுக் கேட்டுப் படுத்துவாள். தண்ணீருக்குள் என்ன செய்தோம் என்று தெரியாத ஆளுக்கு நீச்சல் தெரியாது என்பது அவள் பாடம்.

“சொல்லிடு” என்றான் ரகுபதி. “அவன்தான் தூக்கினேன்னு அவனே சொல்லிகினு கீறானே.”

“அவன் செஞ்சத அவன் சொல்றான். நான் செஞ்சத நான்தான சொல்லணும்?”

“அதுக்கு?”

“அதுக்கு எனுக்குத் தெரியணும்ல.”

அவள் சோற்றை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பார்த்தவன் ஒருவன்தான். அவனைக் கேட்டால் தெரிந்துவிடும்.

*

முகத்துவாரத்தில் தண்ணீர் வடிந்திருந்தது. அக்கரையில் புகைபோக்கிகள் நின்றன. படகுகள் மணலில் ஏற்றிக் கிடந்தன.

திலீப் தன் படகின் பக்கத்தில் குந்தியிருந்தான். கையில் பிரஷ். கால்மாட்டில் பெயின்ட் டப்பா.

அவன் விளிம்புக்கு மறுபடியும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

“நேத்துதான அடிச்ச?” என்றாள் அம்மு.

திலீப் துள்ளி எழுந்தான். எழுந்தவன் அவளுக்கும் படகுக்கும் நடுவில் நின்றான்.

“தேஞ்சிடுச்சு அண்ணி. நீ இன்னாத்துக்கு வந்த? படுத்துகினு இரு.”

“சோறு கொண்டாந்தேன்.”

“குடு. வச்சிட்டுப் போ.”

“திலீப், நீ என்ன எந்தப் பக்கமா தூக்குன?”

“பின்னால, இன்ஜினு பக்கமாத்தான். அங்க நான் உக்காந்துகினு இருந்தேன். கைக்குக் கீழ புடிச்சி ஒரே தூக்கு.”

“அப்ப எதுக்கு முன்னால பெயின்ட் அடிக்கிற?”

அம்மு அவனைச் சுற்றிக்கொண்டு போனாள். அவன் தடுக்கவில்லை.

படகின் முன்பக்கம் புது நீலம் ஈரமாகப் பளபளத்தது. அவன் அடித்து முடித்தது பாதிதான். மீதியில் நேற்றைய நீலம் இருந்தது. அதில் விரல்கள் இருந்தன.

நான்கு விரல்கள், இழுபட்டு. ஒரு சாண் தள்ளி மறுபடி நான்கு. பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து. பிறகு ஒரு நீண்ட வழுக்கல், வெள்ளை தெரியும்வரை. பிறகு மறுபடி நான்கு. முன்பக்கமிருந்து நடுப்பகுதிவரை யாரோ தொற்றிக்கொண்டு, வழுக்கி, திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டே போயிருந்தார்கள்.

அம்மு டிபன் பாக்ஸை மணலில் வைத்தாள்.

“இது யாரு கையி?”

“எவனாச்சும் தொட்டிருப்பான். ஈரமா இருந்துது.”

“திலீப்.”

அவன் பிரஷ்ஷை டப்பாவில் போட்டான்.

“மல்லாந்துதான் கெடந்த. நான் பாத்துகினுதான் இருந்தேன். ரெஸ்ட் எடுக்குதுன்னு இன்ஜின கொறச்சிட்டு சும்மா இருந்தேன், சத்தியமா. அப்பால ஒரு அல மூஞ்சி மேல அடிச்சிது. நீ பொரண்ட. நேரா போட்டாண்ட வந்து புடிச்சிகின. வுடு அண்ணி, வுடு அண்ணின்னு கத்துறேன். உன் காதுல வுழல. கண்ணு தொறந்துதான் இருந்துது. ஆனா நீ அதுக்குள்ள இல்ல.”

“நானா புடிச்சேன்?”

“புடிச்ச. வழுக்குச்சு. திருப்பியும் புடிச்ச. அப்பாலதான் தூக்குனேன்.”

“அப்ப கரையில ஏன் அப்புடி சொன்ன?”

“நான் தூக்குனேன்னா அது என் தப்பு. நீ புடிச்சன்னா எல்லாம் முடிஞ்சிது.”

“உங்க அண்ணன் அடிச்சிச்சே.”

“ஒரு அறதான.” கன்னத்தைத் தடவினான். “பாதி அறதான் அது. அவுருக்கு முழுசா அடிக்கத் தெரியாது.”

அம்முவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே கண் எரிந்தது. மண்ணெண்ணெய் கையால் துடைத்ததாலா என்று தெரியவில்லை.

“அந்தப் பன் கடைக்காரன் இன்னா பண்ணான்? பன்னெண்டாவது எபிசோட்ல.”

“அவன் போட்டில கயித்த தொட்டுட்டான். அவனே போயி சொன்னான். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுனாங்க.” திலீப் தலையை ஆட்டினான். “இங்க யாரு அண்ணி கை தட்டுவாங்க? மீன்காரி பாதியிலே போட்ட புடிச்சிகினான்னு சொல்லிட்டு அடுத்த ஆள கூப்ட்டுப்பாங்கோ. ரெண்டு வருசம் அண்ணி. விடியக்கால அஞ்சு மணிக்கு உன்ன பைக்ல கூட்டினு போனவன் நானு. நீ மொத மொத தண்ணில மூஞ்ச வச்சப்போ அழுத. நான்தான் கரையில இருந்தேன்.”

“தெரியும்.”

“ஞாயித்துக்கெழம நீ முடிச்சிடுவ. எனுக்குத் தெரியும். ஒரு பொய்யி. அதுவும் நான் சொன்னது. நீ ‘தெரியாது’ன்னு மட்டும் சொல்லு. காலைல அது நெசந்தான?”

காலையில் அது நிஜம்தான். மத்தியானம்வரை நிஜம்தான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவள் இங்கே வராமல் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைவரைக்கும் நிஜமாகவே இருந்திருக்கும். தெரியாமல் தொட்டால் அது தொட்டதாகுமா? தொட்டது தானா, தன் கையா? இரண்டும் வேறு வேறா? யாரிடம் கேட்பது?

அவள் குனிந்து, மிச்சமிருந்த அடையாளத்தின் மேல் தன் விரல்களை வைத்தாள். நான்கும் பொருந்தின. சுண்டுவிரல் கொஞ்சம் விலகியிருந்தது. அவளுக்குச் சின்ன வயதில் உடைந்து கோணலாகச் சேர்ந்த விரல். தடமும் அதே கோணலாக இருந்தது.

“அண்ணி, கைய எடு. அத மட்டும் அடிச்சிட்டேன்னா முடிஞ்சிது.”

அவள் கையை எடுத்தாள். அப்படியே நகர்ந்து, அவன் புதிதாக அடித்த ஈர நீலத்தின் மேல் வைத்து அழுத்தினாள்.

திலீப் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

போன் அடித்தது. அம்மு இடது கையால் எடுத்தாள்.

“அக்கா, ரெடியா? அவங்கள லைன்ல சேக்கப்போறேன். ஒரே வார்த்தைதான்.”

“சேக்காத கோச்சு. மொதல்ல நீ கேளு.” அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. “நான் போட்டத் தொட்டிருக்கேன். நானாத்தான் புடிச்சேன். ஒரு தபா இல்ல. எனுக்கு ஞாபகம் இல்ல, ஆனா புடிச்சிருக்கேன். ஞாயித்துக்கெழம வேணாம்.”

மறுமுனையில் ராயபுரத்துத் தெருவின் ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். ஹாரன் நின்றது.

“தெரியும் அக்கா” என்றாள் இஷ்ரத்.

“இன்னா தெரியும்?”

“காலைல உங்க விரலப் பாத்தேன். பாத்துட்டுத்தான் துண்டு சுத்துனேன்.”

திலீப் நிமிர்ந்து பார்த்தான். அம்முவின் முகத்தில் அவனால் எதையும் படிக்க முடியவில்லை.

“நீ ஏன் மறச்ச?” என்று கேட்க அம்மு வாயைத் திறந்தாள். அதற்குள் இஷ்ரத் பேசினாள். அவளுடைய அந்தக் குரலை அம்மு இதுவரை கேட்டதில்லை. அதட்டாத குரல்.

“நானும் ஒரு தடவ இப்படித்தான் படகைத் தொட்டேன் அக்கா, பாத்தவங்க சொல்லாம விட்டுட்டாங்க. அத உங்ககிட்ட நான் சொன்னதே இல்ல. நாளைக்குக் காலைல கொளத்துக்கு வருவீங்கல்ல?”

வருவேனா என்று அம்மு தன்னையே கேட்டுக்கொண்டாள். வலது கையின் விரல்கள், காலையில் இஷ்ரத் மடக்கிவிட்டதைப் போலவே, ஈர நீலத்தோடு மெதுவாக மடங்கின.